சொல் தெரியாமல் வாசிக்காதீர்கள்

"அந்தப் பாட்டின் முடிவில் யார் சாகிறார்கள்?" என்று கேட்டேன். போட்டி முடிந்து ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். என் மாணவிக்குப் பதினாறு வயது. இரண்டாம் பரிசுக் கோப்பை அவள் மடியில் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். "மிஸ், அதுல யாராவது சாகிறாங்களா?"

அவள் வாசித்தது ஷூபர்ட்டின் 'எர்ல்கோனிக்'. ஒரு பாடகரும் ஒரு பியானோக்காரரும் சேர்ந்து நிகழ்த்த வேண்டிய பாட்டு அது. அதை ஃபிரான்ஸ் லிஸ்ட் பியானோவுக்கு மட்டுமாக மாற்றி எழுதிய வடிவத்தைத்தான் அவள் ஏழு மாதம் பழகினாள். அதில் ஒரே சுரத்தை ஆக்டேவாகப் பிடித்து, மும்மூன்றாகத் தட்டிக்கொண்டே ஓட வேண்டும். இரண்டு நிமிடத்தில் மணிக்கட்டு கல்லாகிவிடும். அந்த ஏழு மாதமும் நான் மணிக்கட்டைப் பற்றியே பேசினேன். தளர்த்து, முழங்கையை இறுக்காதே, மெட்ரோனோமை இன்னும் நாலு புள்ளி ஏற்று. ஒரு நாளாவது பியானோவை மூடிவிட்டு அந்தப் பாட்டின் கதையை நான் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியாமல் போனதற்கு நான்தான் பொறுப்பு. போட்டியின் மதிப்பெண் தாளிலும் வேகம், துல்லியம், ஒலிநயம், மேடைப்பாங்கு என்று நான்கு கட்டங்கள்தாம் இருந்தன. பாட்டு என்ன சொல்கிறது என்று கேட்க அதில் இடமில்லை.

முப்பத்திரண்டு வருடங்களாகச் சென்னையில் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். கலைப்பாடல்களின் பியானோ வடிவங்களை இன்று பிள்ளைகள் ஆசையாக எடுத்து வாசிப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றை விரல் வித்தையாக மட்டுமே நாம் சொல்லிக்கொடுக்கிறோம், விரல் வித்தையாக மட்டுமே கைதட்டுகிறோம். இது அந்த இசைக்குச் செய்கிற அநியாயம். அந்த வடிவங்களில் இருக்கும் கடினம் அலங்காரத்துக்காக வந்ததல்ல. பாடகரின் வாயிலிருந்து எடுத்துவிட்ட சொற்களின் இடத்தை நிரப்ப வந்தது. சொல் தெரியாதவர் அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவார்?

எர்ல்கோனிக்கையே எடுத்துக்கொள்வோம். கவிதை கெத்தே எழுதியது. ஷூபர்ட் அதற்கு 1815-இல் இசையமைத்தபோது அவருக்கு வயது பதினெட்டு. 1821-இல் அச்சானபோது அதையே தன் முதல் படைப்பெண்ணாகப் போட்டுக்கொண்டார். இரவு, காற்று. ஒரு தகப்பன் மகனை அணைத்துக்கொண்டு குதிரையில் விரைகிறான். காட்டுப் பேய்மன்னன் தன்னைக் கூப்பிடுவது மகனுக்குத் தெரிகிறது. தகப்பனுக்கு மூடுபனியும் காய்ந்த இலையும்தான் தெரிகின்றன. கதைசொல்லி, தகப்பன், பிள்ளை, பேய் ஆகிய நாலு குரலையும் ஒரே பாடகர் பாட வேண்டும். தகப்பன் பேசும்போது மெட்டு கீழே இறங்கித் தைரியம் சொல்லும். பேய் கெஞ்சலாக, தாலாட்டுப் போல இனிமையாக வரும். பிள்ளை தகப்பனைக் கூப்பிட்டு அலறும் இடங்களில், ஒவ்வொரு முறையும் அலறல் முன்னதைவிட ஒரு படி மேலே ஏறும். பியானோவின் அந்த மும்மூன்று தட்டல்தான் குதிரை. வீட்டு வாசலுக்கு வந்ததும் குதிரை நிற்கிறது. பாடகர் கிட்டத்தட்டப் பேசுகிற குரலில் செய்தியைச் சொல்கிறார். பிள்ளை தகப்பன் கையிலேயே இறந்துவிட்டது. இரண்டு கார்டு, அதாவது இரண்டு சுரக்கூட்டு, விழுகிறது, பாட்டு முடிகிறது.

அந்த இரண்டு கார்டுக்கு முன்னால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? மெட்ரோனோம் அதைச் சொல்லாது. என் மாணவி போட்டியில் அந்த இடத்தைத் தடுக்கி விழாமல், சுத்தமாக, உடனே முடித்தாள். இறந்தது யார் என்று தெரிந்திருந்தால் அப்படி முடித்திருக்க மாட்டாள்.

இந்தக் கடினத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். ஷூபர்ட் மேடை வித்தகர் அல்லர். அந்த மும்மூன்று தட்டல் அவர் கைக்கே பெரும்பாடாக இருந்தது. பக்கவாத்தியத்தை இரண்டிரண்டாகக் குறைத்து எழுதிய ஒரு வடிவமும் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. தனக்கே வாசிக்கக் கஷ்டமான ஒன்றை ஏன் எழுதினார்? குதிரை அப்படித்தான் ஓடியது, அதனால்.

லிஸ்ட் இந்தப் பாடல்களிடம் எப்படி வந்தார் என்பதும் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். 1838 மார்ச்சில் டான்யூப் ஆற்று வெள்ளம் ஹங்கேரியின் பெஸ்ட் நகரை அழித்தது. அப்போது லிஸ்ட் வெனிஸில் இருந்தார். தான் பிறந்த மண்ணின் துயரச் செய்தி கேட்டு வியன்னாவுக்குப் போய், நிவாரண நிதிக்காகவும் கச்சேரி செய்தார். அந்தக் கச்சேரிகளில் ஷூபர்ட்டின் பாடல்களைப் பியானோவில் தனியே வாசித்தார். ஷூபர்ட் இறந்து அப்போது கிட்டத்தட்டப் பத்து வருடமாகியிருந்தது. லிஸ்ட் சிறுவனாக வியன்னாவில் செர்னியிடம் படித்த நாட்களில் ஷூபர்ட்டும் அதே ஊரில்தான் இருந்தார். இருவரும் சந்திக்கவே இல்லை. 31 வயதில் மறைந்த ஷூபர்ட், 600-க்கும் மேற்பட்ட பாடல்களை விட்டுப்போனார். அவர் படைப்புகளுக்கென்றே அவர் வாழ்நாளில் நடந்த பொதுக்கச்சேரி ஒன்றே ஒன்று. அது 1828 மார்ச் 26-இல் நடந்தது; அதே நவம்பரில் அவர் போய்விட்டார். மற்றபடி அந்தப் பாடல்கள் பெரும்பாலும் நண்பர்கள் வீட்டுக் கூடங்களில் பாடப்பட்டவை.

எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி வந்தது 1877-இல். அதற்கு நாற்பது வருடம் முன்பு, ஒரு பாட்டு ஊர்விட்டு ஊர் போக வேண்டுமானால் யாராவது அதைச் சுமந்துகொண்டு போக வேண்டும். லிஸ்ட் ஷூபர்ட்டைச் சுமந்தார். எர்ல்கோனிக், நூற்புச் சக்கரத்தருகே கிரெட்ஷன், ஆவே மரியா உள்ளிட்ட பன்னிரண்டு பாடல்களின் பியானோ வடிவங்களை 1838-இல் வியன்னாவில் பதிப்பாளர் டியாபெல்லி வெளியிட்டார். 'அன்னப் பாட்டு' தொகுப்பின் பதினாலு பாடல்களும், 'குளிர்காலப் பயணம்' தொகுப்பின் இருபத்துநாலில் பன்னிரண்டும் அடுத்து வந்தன. மொத்தத்தில் ஐம்பதுக்கும் அதிகம்.

இதில் என்னை உலுக்கிய செய்தி ஒன்று. இசைக்குறிப்போடு கவிதையின் சொற்களும் அச்சில் இருக்க வேண்டும் என்று லிஸ்ட் பதிப்பாளர்களிடம் வலியுறுத்தினார். யாரும் பாடப்போவதில்லை, பியானோ மட்டும்தான் ஒலிக்கும். ஆனாலும் ஒவ்வொரு சுரத்தின்மேலும் எந்த அசை நிற்கிறது என்பது வாசிப்பவருக்குக் கண்ணில் பட வேண்டும் என்று நினைத்தார். நான் படித்த காலத்தில் என் கைக்கு வந்த மலிவுப் பதிப்பில் ஒரு சொல்கூட இல்லை. என் மாணவிக்கு நான் எடுத்துக்கொடுத்த நகலிலும் இல்லை. அன்று லிஸ்ட் எதைத் தவறவிடக்கூடாது என்று கேட்டுக்கொண்டாரோ, அதை மட்டும் சரியாகத் தவறவிட்டுவிட்டு, மீதியை நாங்கள் வேகமாக வாசித்துக்கொண்டிருந்தோம்.

சொற்களை எடுத்துவிட்டால் ஒரு பாட்டுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். 'தண்ணீரின் மேல் பாட' என்றொரு பாட்டு. மாலை வெயிலில் ஒரு படகு. மூன்று சரணம், மூன்றுக்கும் மெட்டு ஒன்றே. பாடும்போது இது குறையே அல்ல; முதல் சரணத்தில் அலையும் ஒளியும், கடைசிச் சரணத்தில் காலம் சிறகடித்துப் போவதும், தானும் ஒரு நாள் காலத்தைவிட்டு நீங்கப்போவதும் என்று சொற்கள் மாறிக்கொண்டே போகின்றன. சொல் இல்லாத பியானோவில் அதே மெட்டை மூன்று முறை வாசித்தால் கேட்பவர் கொட்டாவி விடுவார். லிஸ்ட் என்ன செய்தார்? மெட்டைச் சுற்றுக்குச் சுற்று வேறு ஸ்தாயிக்கு நகர்த்தினார். சுற்றிலும் அலையைப் பெருக்கினார். சொல்லில் நடந்த மாற்றத்தைக் கைக்கு மாற்றினார். இதை வித்தை என்று ஒதுக்குகிறவர்களுக்கு மூன்றாம் சரணம் தெரியாது என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

'செரனேட்' என்று எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, ரெல்ஷ்டாப் எழுதியது. ஷூபர்ட் தன் கடைசி வருடத்தில் இசையமைத்தார். இரவில் ஒருவன் காதலியை மெல்ல அழைக்கிறான். கவிதையில் அவள் பதில் சொல்வதே இல்லை. லிஸ்டின் வடிவத்தில் ஒரு சுற்று முழுக்க ஒவ்வோர் அடியும் மேல் ஸ்தாயியில் எதிரொலிக்கும். அது அவள் தரும் பதிலா, அவன் குரலே மரங்களில் பட்டுத் திரும்புகிறதா? இருபது வருடமாக வாசிக்கிறேன், ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் எனக்கு வேறு முடிவு தோன்றுகிறது. கவிதையில் அவள் வாய் திறக்கவில்லை என்பது தெரிந்தால்தான் இந்தக் கேள்வியே எழும்.

பியானோவின் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டையை அழுத்தினால் உள்ளே சுத்தி எழும்பிக் கம்பியில் பட்டு விலகும். பட்ட நொடியிலிருந்தே ஒலி தேயத் தொடங்கும். பாடகர் ஒரு சுரத்தைப் பிடித்து ஊதிப் பெரிதாக்கலாம், வயலின்காரர் வில்லை அழுத்தலாம், எங்களால் முடியாது. ஆகவே பாடுவது போன்ற மயக்கத்தை உண்டாக்க வேண்டும். தேய்கிற சுரத்தைச் சுற்றி ஆர்பெஜியோக்களை, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக உதிரும் சுரக்கூட்டுகளைப் பொழிந்து, பெடலால் அவற்றைக் கலக்கி, அந்தச் சுரம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று காதை நம்பவைக்க வேண்டும். லிஸ்டின் சமகாலத்தவரான தால்பெர்க் மெட்டை நடுவில் வைத்து, இரண்டு கட்டைவிரல்களும் அதைப் பங்கிட்டுப் பாட, மற்ற விரல்கள் மேலும் கீழும் ஓடும்படி எழுதிப் பேர் வாங்கினார். கேட்டவர்களுக்கு மூன்று கை இருப்பது போலத் தோன்றியது. பியானோவில் பாடும் கலை என்றே பின்னாளில் ஒரு தொகுப்பும் வெளியிட்டார். 1837-இல் பாரிஸில் ஓர் இளவரசியின் மாளிகையில் இருவரையும் ஒரே மாலையில் வாசிக்கவைத்து யார் பெரியவர் என்று ஊரே பேசியது. அந்தப் போட்டிக் கதையை நாம் இன்றும் சொல்கிறோம். இருவரும் எதற்காக அவ்வளவு பாடுபட்டார்கள் என்பதைச் சொல்வதில்லை. சுத்தி அடிக்கும் ஒரு பெட்டியைப் பாடவைக்கத்தான் பாடுபட்டார்கள்.

லிஸ்டின் ஆவே மரியாவில் அந்த மூன்று கைத் தோற்றம் உண்டு. சென்னைத் தேவாலயங்களில் திருமணங்களுக்கு இந்த மெட்டை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. லத்தீன் ஜெபத்துக்காக ஷூபர்ட் எழுதியது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது வால்டர் ஸ்காட்டின் 'ஏரியின் நாயகி' காவியத்தில் வரும் பாட்டு. ஸ்காட்லாந்து மலைகளில் தகப்பனோடு குகையில் ஒளிந்திருக்கும் எல்லன் என்ற பெண், மாதாவிடம் அடைக்கலம் கேட்கிறாள். இதை அறிந்த பிறகு அந்தப் பொழியும் ஆர்பெஜியோக்கள் எனக்குக் கோயில் மணியாகக் கேட்கவில்லை. பாறை இடுக்கில் கசியும் ஈரமாகக் கேட்கின்றன. என் கை தானாகவே மென்மையானது.

இந்த உண்மை நம் ஊருக்குப் புதிதல்ல. என் பெரியம்மா வீணை வாசிப்பார். ஒரு கீர்த்தனையை எடுத்தால் சாகித்யத்தின் எழுத்து விழும் இடத்தில்தான் மீட்டு விழ வேண்டும் என்பார். நான் பியானோவில் ஒரு கீர்த்தனையைத் தட்டிக் காட்டியபோது, "சுரம் சரியா இருக்கு. நீ யாரைக் கூப்பிடுறேன்னு தெரியலையே" என்றார். அப்போது எனக்குப் பதினான்கு வயது. வியன்னா வெள்ள நிவாரணக் கச்சேரியின் கதை அவருக்குத் தெரியாது. சொல்லை அச்சில் போடச் சொன்ன லிஸ்டின் மனம் அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுபக்கத்து வாதத்தையும் நான் மதிக்கிறேன். பாட்டும் சொல்லும் பிறப்பிலேயே ஒன்று, அதைப் பிரித்துப் பியானோவில் ஊதிப் பெருக்குவது மூலத்துக்குச் செய்யும் கேடு என்று பாடகர்கள் சொல்வார்கள். சில இடங்களில் அவர்கள் சொல்வது சரி. ஷூமனின் 'விட்முங்' அப்படி ஓர் இடம். 1840 செப்டம்பர் 12-இல் கிளாராவை மணந்தபோது அவர் தந்த பாடல் தொகுப்பின் முதல் பாட்டு அது, ரூக்கெர்ட்டின் கவிதை. பியானோ மட்டும் ஒலிக்கும் முடிவில், ஷூபர்ட்டின் ஆவே மரியா ஒரு கணம் எட்டிப்பார்க்கும். மனைவியாகப்போகிறவளின் காதில் மட்டும் சொல்வது போன்ற பாட்டு. லிஸ்ட் 1848-இல் அதைப் பியானோவுக்கு மாற்றும்போது முடிவைப் பெருங்கார்டுகளால் நகரச் சதுக்கத்தில் நின்று அறிவிப்பது போல எழுப்பிவிட்டார். கிளாராவுக்கு அந்தப் போக்கு பிடிக்கவில்லை. அவரே பின்னாளில் கணவரின் முப்பது பாடல்களைப் பியானோவுக்கு எழுதினார். கூடுதல் ஆரவாரம் எதுவும் இல்லை; மெட்டும் அதன் துணையும் இரண்டு கைக்குள் அடங்கியிருக்கும், அவ்வளவுதான். யாருக்காக எழுதப்பட்டதோ அவர் கையே எழுதிய வடிவம்.

நான் என் மாணவர்களுக்குக் கிளாராவின் வடிவத்தை முதலில் கொடுக்கிறேன், பிறகு லிஸ்டினுடையதை. அதற்காக லிஸ்டினுடையதைக் குப்பையில் போட மாட்டேன். மனம் நிறைந்தவன் சில நேரம் சத்தம் போட்டுத்தான் சொல்வான். ஆனால் அந்தச் சத்தம் எதற்கு என்று தெரிந்து போட வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் அதே கார்டுகளை அடித்தால் அது கனமான மேஜையை நகர்த்தும் ஓசைதான்.

லிஸ்டோடு இந்த மரபு நிற்கவில்லை. பியானோக்காரரான கொடோவ்ஸ்கி ஷூபர்ட்டின் பன்னிரண்டு பாடல்களைத் தன் பின்னல் வேலைப்பாட்டோடு எழுதினார். ரக்மானினோவ் தன் சொந்தப் பாடல்களான 'லைலக் பூக்கள்', 'டெய்சிப் பூக்கள்' இரண்டையும் தானே பியானோவுக்கு மாற்றி, தானே வாசித்துப் பதிவும் செய்தார். அந்தப் பதிவைக் கேளுங்கள். பியானோக்காரர்களிலேயே மிகப் பெரிய கைகளில் ஒரு ஜோடி அவருடையது. அந்தக் கைகள் அங்கே செய்வதெல்லாம் ஒரு மெட்டுக்கு மூச்சு விட இடம் தருவதுதான்.

ஆகவே நான் கேட்பது சின்னச் சின்ன விஷயங்கள். முதலாவது, நிகழ்ச்சி நிரலில் கவிஞரின் பெயரைப் போடுங்கள். இன்று 'ஷூபர்ட் – லிஸ்ட்' என்று நடுவில் ஒரு கோடு போட்டு அச்சடிக்கிறோம். அந்தக் கோட்டுக்குள் கெத்தேயும், 'குளிர்காலப் பயணம்' எழுதிய முல்லரும், ரெல்ஷ்டாப்பும் காணாமல் போகிறார்கள். இரண்டாவது, கவிதையின் பொருளை நாலு வரியில் தமிழில் எழுதி அரங்கத்தில் கொடுங்கள். ஒரு தாள் போதும். மூன்றாவது, போட்டி நடத்துகிறவர்கள் மதிப்பெண் தாளில் ஐந்தாவது கட்டம் ஒன்று சேருங்கள். வாசிக்கும் முன் அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று மாணவரை இரண்டு வாக்கியம் பேசவிடுங்கள். நான்காவது என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு. ஆக்டேவைத் தொடும் முன், அந்தப் பாட்டைப் பாடகர் குரலில் பத்து முறை கேட்கவையுங்கள். மெட்டை அவர்களையே பாடவையுங்கள். குரல் நன்றாக இல்லை என்று கூச்சப்படுவார்கள். நானும் சேர்ந்து பாடினால் கூச்சம் போய்விடுகிறது.

போட்டிக்கு அடுத்த வாரம் என் மாணவியோடு அதைத்தான் செய்தேன். ஒரு மணி நேரம் பியானோ மூடியே இருந்தது. கதையைச் சொன்னேன். அவள் தகப்பனாகவும் நான் பிள்ளையாகவும் வாசித்தோம், பிறகு மாற்றிக்கொண்டோம். "அந்த அப்பாவுக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கும் மிஸ். அதனாலதான் குதிரையை அவ்வளவு வேகமா ஓட்டுறார்" என்றாள். முப்பத்திரண்டு வருடத்தில் எனக்குத் தோன்றாத யோசனை. அன்று வாசித்தபோது சில சுரங்கள் தப்பின. குதிரை மட்டும் முதல்முறையாக எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

ஜெரால்ட் மூர் என்ற பியானோக்காரர் வாழ்நாள் முழுவதும் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர். 1967 பிப்ரவரி 20-இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் அவருக்குப் பிரிவுபசாரக் கச்சேரி. ஷ்வார்ட்ஸ்கோஃப், தெ லோஸ் ஆங்கெலெஸ், ஃபிஷர்-டீஸ்காவ் மூவரும் வந்து பாடினார்கள். எல்லாம் முடிந்தபின் மூர் தனியாக உட்கார்ந்து, ஷூபர்ட்டின் 'இசைக்கு' என்ற பாட்டைப் பியானோவில் மட்டும் வாசித்தார். ஷூபர்ட்டின் நண்பர் ஷோபர் எழுதிய, இசைக்கு நன்றி சொல்லும் இரண்டு சரணம். அதில் ஆர்பெஜியோப் பொழிவு இல்லை, ஆக்டேவ் ஓட்டமும் இல்லை. பாட மேடையில் யாரும் நிற்கவில்லை. சொற்கள் அந்த அரங்கத்தில் இருந்தவர்களின் மனத்தில் இருந்தன. அதனால் பாட்டில் எதுவும் குறையவில்லை.